சபாமண்டபமும் செயலகமும்: காலிமுகத்திடற் கட்டிடத்தின் வரலாறு

இலங்கையின் அரசியல் யாப்பு வரலாறு பெரும்பாலும் ஆணைக்குழுக்களின் பெயர்களாலும் அரசியற்றிட்டங்களின் பெயர்களாலுமே பகுத்து நோக்கப்பட்டு வருகின்றது. கோல்புறூக், மனிங், டொனமூர், சோல்பரி என்னும் பெயர்களை அறியாத வரலாற்று மாணவர் இலர். ஆயின் அத்திட்டங்கள் எவ்விடத்தில் இயங்கினவோ, அவற்றின்கீழ் எவரெவர் எவ்வாசனங்களில் அமர்ந்தனரோ, எவ்வாசனங்கள் எக்காலத்தில் வெறுமையாய்க் கிடந்தனவோ என்னும் வினாக்கள் அத்துணை கவனத்தைப் பெறவில்லை. கொழும்பு, காலிமுகத்திடலின் வட எல்லையிற் கடலை நோக்கி நிற்கும் பழைய பாராளுமன்றக் கட்டிடத்தின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடைகாண உதவுவதாகும். ஐம்பத்திரண்டு ஆண்டுகள் மக்கள் பிரதிநிதிகளின் சபாமண்டபமாக விளங்கிய இக்கட்டிடம் 1983ஆம் ஆண்டு முதல் ஜனாதிபதி செயலகமாக இயங்கி வருகின்றது. விவாதம் நிகழ்ந்த இல்லம் கோப்புகளின் இல்லமாக மாறிய இம்மாற்றத்தை வெறும் இடப்பெயர்வு எனக் கொள்ளுதல் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவதாகும்.

சட்டநிரூபண சபையின் புதுமனை

1833இல் தோற்றுவிக்கப்பட்ட சட்டநிரூபண சபை, காலிமுகத்திடலுக்கு வருமுன்னர் கொழும்புக் கோட்டையில் உள்ள கட்டிடமொன்றிற் கூடி வந்தது. 1924ஆம் ஆண்டின் சீர்திருத்தம் அச்சபையின் உறுப்பினர் தொகையை 49 ஆக உயர்த்தியது. அவர்களுள் 37 பேர் உத்தியோகப்பற்றற்றவர்கள். விரிவடைந்த சபைக்கு விரிவான மண்டபம் வேண்டப்பட்டமை இயல்பே. பகிரங்க வேலைத் திணைக்களத்தின் கட்டடக் கலைஞரான ஒஸ்ரின் வூட்சன் வரைந்த திட்டத்தின்படி, உயர்ந்த தூண்வரிசையும் அகன்ற படிகளும் உடையதாய், ஐரோப்பியச் செந்நெறிப் பாணியில் எழுந்த இம்மாளிகையை 1930 ஜனவரி 29ஆம் நாள் தேசாதிபதி சேர் ஹேர்பேர்ட் ஸ்ரான்லி திறந்து வைத்தார்.

எனினும் எச்சபைக்காக இது கட்டப்பட்டதோ அச்சபையின் ஆயுள் அதற்கு முன்னரே எண்ணப்பட்டுவிட்டது. டொனமூர் ஆணைக்குழுவின் விதப்புரைகளை 1929 டிசம்பரில் 19 வாக்குகளுக்கு 17 என்னும் இரண்டு வாக்கு வித்தியாசத்தில் அச்சபை ஏற்றுக்கொண்டிருந்தது. அவ்விதப்புரைகளை ஏற்பது தன்னைத்தானே கலைத்துக்கொள்ள உடன்படுவதாகும். எனவே புதுமனை புகுந்த சட்டநிரூபண சபை ஓராண்டுக்குச் சிறிது கூடிய காலமே அங்கு குடியிருந்தது.

அவ்விரண்டு வாக்குகளின் பின்னணி கவனிக்கத்தக்கது. இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கி, ஆள்புல வாரியான தொகுதிகளையும் சர்வசன வாக்குரிமையையும் டொனமூர் திட்டம் முன்வைத்தது. அதுவரை நாட்டு மக்களுள் நூற்றுக்கு நால்வர் அளவினரே வாக்குரிமை பெற்றிருந்தனர். வாக்குரிமை பரவுவதை வரவேற்ற பலரும் எண்ணிக்கையிற் சிறியோர்க்கு என்ன பாதுகாப்பு என வினவினர். சிறுபான்மையினரின் பிரதிநிதிகளிற் பெரும்பாலார் எதிர்த்தே வாக்களித்தனர். திட்டத்தைக் கடுமையாக எதிர்த்த சேர் பொன்னம்பலம் இராமநாதன், இம்மாளிகையிற் குடிபுகுந்த சபையின் உறுப்பினராக இருக்கையிலேயே 1930 நவம்பரிற் காலமானார். இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற்றலைவராக 1919இல் விளங்கிப் பின்னர் பிரதிநிதித்துவப் பிணக்கினால் அதனை விட்டு விலகிய சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1924இலேயே காலமாகிவிட்டார். அவருடைய சிலை இக்கட்டிட வளாகத்தில் நிறுவப்பட்டது. உள்ளே அமரும் வாய்ப்புப் பெறாத அவர் வெளியே சிலையாக நிற்பவரானார்.

அரசாங்க சபையும் நான்கு வெற்று ஆசனங்களும்

1931 ஜூலை 7ஆம் நாள் முதலாவது அரசாங்க சபை இம்மண்டபத்திற் கூடிற்று. 50 பேர் மக்களால் தெரிவு செய்யப்படவும், 8 பேர் நியமிக்கப்படவும், 3 பேர் அரசாங்க உத்தியோகத்தராக இருக்கவும் 61 பேர் கொண்ட சபையாக அது வகுக்கப்பட்டிருந்தது. இருபத்தொரு வயதடைந்த ஆணும் பெண்ணும் வாக்களித்துத் தெரிந்த சபை ஆசியாவிலேயே புதுமையானது. ஆனால் அன்று தெரிவு செய்யப்பட்டு வந்தவர்கள் 46 பேரே. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ், டொனமூர் திட்டம் பூரண சுயாட்சியை வழங்கவில்லை எனக் கூறித் தேர்தலைப் பகிஷ்கரித்ததனால், யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. அந்நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகவே இருந்தன. அவ்வாண்டு நடைபெற்ற தேர்தலிற் பருத்தித்துறையிலிருந்து ஜி. ஜி. பொன்னம்பலம் இம்மண்டபத்தினுட் பிரவேசித்தார்.

இவ்வெறுமை தாமாகவே விரும்பி மேற்கொள்ளப்பட்டது என்பதை மறத்தலாகாது. முழுநாட்டின் விடுதலையை வேண்டிய இளைஞர் தம் ஆசனங்களைத் துறந்தனர். ஏனைய பகுதியினர் துறக்கவில்லை. உயர்ந்த இலட்சியத்தினாற் பிறந்த செயலே ஆயினும், சபையின் வழக்கங்கள் உருப்பெற்ற முதல் மூன்று ஆண்டுகளில் வடபுலத்தின் குரல் அங்கு ஒலிக்காமற் போயிற்று.

இச்சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து இயங்கியது. ஒவ்வோர் உறுப்பினரும் ஏதேனுமொரு குழுவில் இடம்பெற்று நிருவாகத்திற் பங்குகொண்டார். குழுவின் தலைவரே அமைச்சரானார். கட்சிப் பிரிவினை இன்றி யாவரையும் ஆட்சியில் இணைப்பதே இதன் நோக்கம். ஆனால் குழுக்களின் பெரும்பான்மையே தலைவரைத் தீர்மானிக்கும் ஆதலின், 1936இல் ஏழு அமைச்சர்களும் சிங்களவராகவே அமைந்தனர். எல்லோரையும் உள்ளடக்க வகுக்கப்பட்ட முறையே, எண்ணிக்கையைத் திறம்படக் கையாண்ட வழி, சிலரை முற்றாக வெளியே நிறுத்தவும் போதுமானதாயிற்று.

ஆயினும் இவ்வரசாங்க சபைக் காலம் இம்மண்டபத்தின் சிறந்த காலம் எனக் கூறுதல் மிகையன்று. 1932இல் கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து நேசம் சரவணமுத்து தெரிவானார். ஏடலின் மொலமுறேயை அடுத்துச் சட்டசபை புகுந்த இரண்டாவது பெண்மணி இவரே. 1936 முதல் 1947 வரை ஊர்காவற்றுறைப் பிரதிநிதியாகிய வைத்திலிங்கம் துரைசுவாமி சபாநாயகர் ஆசனத்தை அணிசெய்தார். தோட்டத் தொழிலாளரின் தலைவரும் பத்திரிகையாளருமான கோ. நடேசையர் அற்றன் தொகுதியின் குரலாக ஒலித்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தை 1942இல் தோற்றுவித்த கட்டளைச் சட்டமும், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வித் திட்டமும் இச்சபையின் கொடைகளே. கிராமத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழக வாயிலை அடைந்தமைக்கு வித்திட்ட விவாதங்கள் இம்மண்டபத்திலேயே நிகழ்ந்தன.

மொழி பற்றிய முதற்பெரும் விவாதமும் அவ்வாறே. களனித் தொகுதியிலிருந்து 1943இல் தெரிவாகி வந்த ஜே. ஆர். ஜயவர்த்தன, சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையைக் கொணர்ந்தார். 1944 மே மாதத்தில் அது விவாதிக்கப்பட்டபோது, திருகோணமலை - மட்டக்களப்புப் பிரதிநிதி வ. நல்லையா தமிழையும் சேர்க்கவேண்டும் எனத் திருத்தம் முன்மொழிய, அதனைச் சபை ஏற்றுக்கொண்டது. சிங்களமும் தமிழும் ஆங்கிலத்தின் இடத்தைப் பெறவேண்டும் என்னும் தீர்மானம் தமிழர் ஒருவர் சபாநாயகராக அமர்ந்திருந்த காலத்திலே நிறைவேறியது. பெரும்பான்மையின் பிரேரணையைச் சிறுபான்மையின் வாதம் திருத்தவும், அத்திருத்தத்தைப் பெரும்பான்மை ஏற்கவும் இயலும் என்பதற்கு இம்மண்டபம் அளித்த சிறந்த சான்று இதுவாகும். 1945 நவம்பரில் சோல்பரித் திட்டம் 51 வாக்குகளுக்கு 3 என்னும் பெரும்பான்மையால் ஏற்கப்பட்டமையும் இத்தகைய நம்பிக்கையின் பின்னணியிலேயே நோக்கப்படவேண்டும்.

பிரதிநிதிகள் சபை: எண்ணிக்கையின் ஆட்சி

1947 ஒக்ரோபர் 14இல் 101 உறுப்பினர் கொண்ட பிரதிநிதிகள் சபை இம்மண்டபத்திற் கூடிற்று. 30 பேர் கொண்ட மூதவை கோட்டையிலுள்ள பழைய சட்டநிரூபண சபைக் கட்டிடத்தில் இடம்பெற்றது. 1960 ஜூலையில் உலகின் முதலாவது பெண் பிரதமராகிய சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மூதவையின் உறுப்பினராக இருந்தே ஆட்சி நடத்தினார். 1971இல் மூதவை ஒழிக்கப்பட்டபின் அக்கட்டிடம் வெளிநாட்டமைச்சின் அலுவலகமாயிற்று. சபை இருந்த இடத்திற் செயலாளர்கள் வந்தமருவது இவ்வாறு முன்னரே தொடங்கிவிட்டது.

புதிய சபையின் முதலாண்டுகளிலேயே இரண்டாவது வெறுமை உண்டாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949இன் தேர்தற் திருத்தச் சட்டம் பிரசைகளுக்கே வாக்குரிமை என வரையறுத்தது. 1947இல் நுவரெலியா தொகுதியிலிருந்து வந்த சௌமியமூர்த்தி தொண்டமான் உள்ளிட்ட இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிரதிநிதிகள் தம்மைத் தெரிந்த மக்கள் வாக்கிழப்பதை இம்மண்டபத்திலிருந்தே காண நேர்ந்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வியக்கத்தின் சார்பில் ஒருவரேனும் சபைக்குத் திரும்பவில்லை. 1931இன் வெற்று ஆசனங்கள் ஆசனத்திற்குரியோர் தாமே துறந்தவை. 1952இல் ஆசனங்கள் வெறுமையாகவும் இருக்கவில்லை. அவற்றில் வேறு பிரதிநிதிகள் அமர்ந்தனர். மக்கள் இருந்தனர், அவர்களுக்குரிய இடம் மட்டும் மறைந்தது. இச்சட்டங்களின் பொருட்டுத் தமிழ்க் காங்கிரஸ் பிளவுபட்டு, 1949 டிசம்பரில் சா. ஜே. வே. செல்வநாயகம் தலைமையிலே தமிழரசுக் கட்சி தோன்றியது.

1956 ஜூன் 5ஆம் நாள் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் மசோதாவை எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க சமர்ப்பித்தார். அன்றே தமிழரசுக் கட்சியினர் மண்டபத்திற்கு எதிரே காலிமுகத்திடலில் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். கும்பலால் தாக்கவும் பட்டனர். உள்ளே விவாதமும் வெளியே அடியுமாக அன்றைய தினம் கழிந்தது. இடதுசாரிக் கட்சிகளும் தமிழ்ப் பிரதிநிதிகளும் எதிர்த்தும் 56 வாக்குகளுக்கு 29 என்னும் கணக்கில் மசோதா நிறைவேறியது. 1944இன் தீர்மானத்திற்கும் இதற்கும் இடைப்பட்ட காலம் பன்னிரண்டு ஆண்டுகளே. மண்டபமும் அதுவே, பண்டாரநாயக்க முன்னர் அமைச்சராகவும் பின்னர் பிரதமராகவும் அமர்ந்த சபையும் அதன் வழிவந்ததே. மாறியது யாதெனின், திருத்தம் முன்மொழியும் சிறுபான்மைக்கும் அதனைச் செவிமடுக்கும் பெரும்பான்மைக்கும் இடையிலிருந்த உறவேயாம். இரு பெருங்கட்சிகளும் ஒன்றையொன்று விஞ்ச முற்பட்ட தேர்தற் களத்தில், மண்டபத்தினுள் நிகழ்ந்த வாதம் வாக்கு எண்ணுவதற்கு முன்னான சடங்காகத் தேய்ந்தது.

குடியரசும் அதிகாரத்தின் இடமாற்றமும்

1972 மே 22இல் குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்தது. அதனை ஆக்கிய அரசியல் நிர்ணய சபை இம்மண்டபத்தில் அன்றி, றோயல் கல்லூரியின் நவரங்கஹல மண்டபத்திலேயே கூடியது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவிலிருந்த சிறுபான்மைக் காப்பீடு புதிய யாப்பில் இடம்பெறவில்லை. பிரதிநிதிகள் சபை தேசிய அரசுப் பேரவை எனப் பெயர் மாற்றம் பெற்றது. அவ்வாண்டு ஒக்ரோபரிற் செல்வநாயகம் தம் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, தம் நிலைப்பாட்டிற்கு மக்களின் தீர்ப்பைக் கோரினார். இடைத்தேர்தலோ 1975 பெப்ரவரியிலேயே நடத்தப்பட்டது. இரண்டாண்டுகளுக்கு மேல் ஒரு தொகுதியின் ஆசனம் வெறிதே கிடந்தது. 1931இல் மக்கள் தாமே வெறுமையை விரும்பினர்; இப்பொழுது அவர்கள் நிரப்ப விழைந்தும் அரசு தாமதித்தது. இவ்வேறுபாடே நாற்பதாண்டு வரலாற்றின் சுருக்கம் எனலாம்.

1977 ஜூலைத் தேர்தலின்பின் 168 உறுப்பினர் இம்மண்டபத்தை நெருக்கினர். அவர்களுள் 140 பேர் ஐக்கிய தேசியக் கட்சியினர். 18 ஆசனங்களைப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். தமிழர் ஒருவர் இப்பதவியை முதன்முறையாக வகித்த அதே வேளையில் சபையின் அதிகாரமே வேறிடம் செல்லத் தொடங்கியமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று. 1977 ஒக்ரோபரில் பேரவை நிறைவேற்றிய இரண்டாவது திருத்தம் நிறைவேற்று அதிகாரமுடைய ஜனாதிபதி பதவியைத் தோற்றுவித்தது. 1944இல் மொழிப் பிரேரணையைக் கொணர்ந்த ஜே. ஆர். ஜயவர்த்தன 1978 பெப்ரவரி 4இல் அப்பதவியை ஏற்றார். செப்ரெம்பர் 7இல் புதிய யாப்பு நடைமுறைக்கு வந்தது. ஆட்சித் தலைவர் நாள்தோறும் சபை நடுவே அமர்ந்து, வினாக்களுக்கு முகங்கொடுக்கும் நிலை ஒழிந்தது.

இதன்பின் சபை செய்தவை அதன் தளர்ச்சியைப் புலப்படுத்துவன. 1979 ஜூலையில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் விரைந்து நிறைவேறியது. தற்காலிக ஏற்பாடு எனப் பெயர்பூண்ட அச்சட்டம் பல தசாப்தங்கள் நீடித்தது. 1980 ஒக்ரோபரில் முன்னாட் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் பறிக்கப்பட்டன. யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்ட 1981 ஜூன் கழிந்து அடுத்த மாதமே, எதிர்க்கட்சித் தலைவர் மீது ஆளுங்கட்சியினர் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொணர்ந்து நிறைவேற்றினர். அரசாங்கத்தின் மீது எதிர்க்கட்சி கொணரவேண்டிய தீர்மானத்தை எதிர்க்கட்சித் தலைவர் மீது அரசாங்கக் கட்சி கொணர்ந்த விந்தை, பாராளுமன்ற மரபு எத்துணை தலைகீழாயிற்று என்பதைக் காட்டும்.

செயலகமான சபாமண்டபம்

49 பேருக்கெனக் கட்டிய மண்டபம் 168 பேருக்குப் போதாதென்பது வெளிப்படை. எனவே கோட்டேயில் புதிய பாராளுமன்றம் அமைக்க 1979இல் முடிவு செய்யப்பட்டது. ஜெப்ரி பாவா வடிவமைத்த அக்கட்டிடம் 1982 ஏப்ரில் 29இல் திறக்கப்பட்டது. பழைய மண்டபம் 1983இல் ஜனாதிபதி செயலகமாயிற்று. எனவே இடநெருக்கடியே சபையை வெளியேற்றியது. அரசியற் சதி எதுவும் அதனை வெளியேற்றவில்லை. ஆனால் வெறுமையான மாளிகை நூதனசாலையாகவோ நூலகமாகவோ ஆகாமல், அச்சபையே ஆக்கிய பதவியின் அலுவலகமாக மாறியமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. சபை தன் அதிகாரத்தை 1977இற் கொடுத்தது. தன் இல்லத்தை 1983இற் கொடுத்தது.

அவ்வாண்டு ஜூலையின் இனப் படுகொலைகளைத் தொடர்ந்து ஓகஸ்டில் ஆறாவது திருத்தம் நிறைவேற்றப்பட்டது. பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த கூட்டணியினர் புதிய பாராளுமன்றத்தில் ஆசனமிழந்தனர். வெற்று ஆசனங்களும் இடம்பெயர்ந்தன போலும். பின்வந்த யுத்த காலத்திற் பழைய மண்டபத்தின் சுற்றாடல் கடுங்காவலுக்குட்பட்டது. மக்கள் பிரதிநிதிகளைக் காண மனுவுடன் வந்தோர் நடந்த வழியிற் சாதாரண குடிமகன் தயங்கி நடக்கும் நிலை உருவாயிற்று.

இந்நிலை 2022இற் சிறிதுகாலம் குலைந்தது. பொருளாதாரச் சீர்குலைவினால் வெகுண்ட மக்கள் ஏப்ரில் 9 முதல் காலிமுகத்திடலிற் கூடிச் செயலகத்தின் முன்வாயிலை அடைத்து அமர்ந்தனர். மே 18ஆம் நாள் முள்ளிவாய்க்காலில் மாண்டோர் அத்திடலிலேயே நினைவுகூரப்பட்டனர். 1956இல் தமிழ்ச் சத்தியாக்கிரகிகள் தாக்கப்பட்ட திடலில், பல்லினத்தோர் ஒருங்குகூடித் தமிழரின் இழப்பிற்குத் தலைவணங்கியமை சிறிய நிகழ்ச்சியன்று. ஜூலை 9இல் மக்கள் செயலகத்தினுட் புகுந்தனர். ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பதவி விலகினார். ரணில் விக்கிரமசிங்க பதவியேற்ற மறுநாள், ஜூலை 22 அதிகாலையில், படையினர் கட்டிடத்தை மீட்டனர். 2024 செப்ரெம்பர் 23இல் அநுர குமார திசாநாயக்க இச்செயலகத்திலேயே ஜனாதிபதியாகச் சத்தியப்பிரமாணம் செய்தார்.

முடிவுரை

மேற்கூறியவாற்றால், சட்டநிரூபண சபை, அரசாங்க சபை, பிரதிநிதிகள் சபை, தேசிய அரசுப் பேரவை, பாராளுமன்றம், ஜனாதிபதி செயலகம் எனக் குடியிருப்போர் மாறியபோதெல்லாம் அதிகாரத்தின் வடிவமும் மாறியமை புலனாகும். தூண்கள் மாறவில்லை. மண்டபத்தைச் சபையாக்கியது தூண்களும் அல்ல. ஒருவர் கூறுவதை மற்றொருவர் கேட்டுத் தம் கருத்தைத் திருத்திக்கொள்ளும் இயல்பே. 1944இல் அவ்வியல்பு இருந்தது. 1948இலும் 1956இலும் 1972இலும் அது படிப்படியாகக் குன்றியது. ஒரு சாராரின் ஆசனம் வெறுமையானபோது மறுசாரார் அதனைத் தமக்குற்ற இழப்பாகக் கருதவில்லை. ஈற்றில் அதிகாரமே சபையைவிட்டு நீங்கியபோது அதனைத் தடுக்கும் வலிமை எச்சாராரிடத்தும் எஞ்சியிருக்கவில்லை.

ஜனாதிபதி முறையை நீக்குதல் பற்றிய விவாதம் பல்லாண்டுகளாக நடைபெற்று வருகின்றது. அம்முறை நீங்கினும், வெற்று ஆசனத்தைக் கண்டு கவலுறும் சபை உருவாகாவிடில் 1956இன் கணக்கே மீண்டும் எழுதப்படும். அதிகாரம் எக்கட்டிடத்தில் அமரவேண்டும் என்னும் வினாவுக்கு முன்னதாக, அக்கட்டிடத்தில் யாருடைய சொல் செவிமடுக்கப்படும் என்னும் வினாவுக்கு விடை காணப்படுதல் வேண்டும். காலிமுகத்திடல் மண்டபத்தின் வரலாறு கற்பிக்கும் பாடம் இதுவேயாம்.